வீட்டை விற்ற பிறகு வரிக்கழிவு கேட்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஆரையம்பதியைச் சேர்ந்தவன். மனைவியோடு அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, அங்கிருந்த எங்கள் வீட்டை 2025 ஏப்ரலில் விற்றுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். நாங்கள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். 2012 இல் 310,000 டொலருக்கு வாங்கிய வீட்டை 520,000 டொலருக்கு விற்றோம். 2023 இல் பழைய ஜன்னல்களை மாற்றி, வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் உதவும் ஹீட் பம்ப் ஒன்றும் பொருத்தினோம். அதற்கு வரிக்கழிவு உண்டென்று அப்போது தெரியாததால் கேட்கவில்லை. அந்த ஆண்டு நாங்கள் கட்டிய வரி 6,100 டொலர். பிறகு 2023 டிசம்பரில் பணம் செலுத்தி, 2024 மார்ச்சில் கூரையில் சோலார் பனல் பொருத்தி முடித்தோம். அதன் செலவு 28,000 டொலர். 2024 க்கான வரிப் படிவத்தில் இதற்குக் கழிவு கேட்டோம். ஆனால் அவ்வாண்டு எங்கள் வரி 5,900 டொலர் மட்டுமே என்பதால் ஒரு பகுதி மிஞ்சி நிற்கிறது. இப்போது அங்கேயுள்ள என் மச்சான், "வீடு கைமாறினால் கழிவும் போய்விடும், ஐந்து வருடம் வைத்திருக்காமல் விற்றதால் வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும்" என்கிறார். மனைவி இதை நினைத்து நித்திரையில்லாமல் இருக்கிறார். உண்மை என்ன? பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் மனைவி நிம்மதியாக உறங்கலாம். நீங்கள் பெற்ற கழிவில் ஒரு சதத்தையும் வீடு விற்ற காரணத்துக்காகத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதோடு, இன்னும் உங்களுக்கு வர வேண்டியதும் இருக்கிறது: 2023 இல் கேட்காமல் விட்ட 2,600 டொலர், சோலாரில் மிஞ்சி நிற்கும் 2,500 டொலர். இவற்றில் முதலாவதற்கு ஒரு கடைசி நாள் உண்டு என்பதால் இதைப் படித்ததும் கடிதக்கட்டை எடுத்து வைத்துவிடக் கூடாது.

உங்கள் மச்சானின் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. நம் பக்கத்தில் ஒரு வளவை விற்று உறுதி எழுதும்போது, அதிலுள்ள வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் யாவும் சேர்த்தே எழுதப்படுகின்றன. நட்டவர் யாராக இருந்தாலும் தேங்காய் வாங்கியவருக்கே. ஆகவே வீட்டோடு ஒட்டிய எதுவும் வீட்டோடு போய்விடும் என்று மனம் இயல்பாகவே முடிவு செய்கிறது. சோலார் பனலும் ஜன்னலும் ஹீட் பம்பும் அப்படித்தான் புதிய உரிமையாளரிடம் போய்விட்டன. ஆனால் வரிக்கழிவு என்பது பனலின் ஒரு துண்டு அன்று. அந்தப் பனலுக்காகப் பணம் செலவழித்து, பொருத்தி முடிந்த நாளில் அந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்த வரி செலுத்துநருக்கு அரசாங்கம் கொடுத்த சலுகை. அது உறுதியில் எழுதப்படுவதில்லை. உங்கள் வரிக்கோவையிலேயே இருக்கிறது. பொருத்தி முடிந்த நாளில் நீங்கள் தகுதி பெற்றவராக இருந்தீர்களா என்பதே கேள்வி. அதன் பிறகு வீட்டை என்ன செய்தீர்கள் என்பது கழிவைப் பறிப்பதில்லை.

இனி அந்த ஐந்து வருடக் கதைக்கு வருவோம். இது என் மேசைக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது, அதனால் பணத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஐந்து ஆண்டு என்ற எண் அமெரிக்க வரிச் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் வேறு வேறு இடங்களில், வேறு வேறு பொருளில் இருக்கிறது. ஒன்று, ஜன்னல், கதவு, வெப்பக்காப்பு போன்ற வீட்டு உறைப் பகுதிகளுக்கான விதி: அந்தப் பொருள் குறைந்தது ஐந்து ஆண்டுகளாவது பயன்பாட்டில் நிற்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நிற்க வேண்டியது ஜன்னல், நீங்களல்ல. தரமான ஜன்னல் இருபது வருடம் நிற்கும், அதற்குள் வீடு இரண்டு கைகள் மாறினாலும் அந்த விதி நிறைவேறியதாகவே கொள்ளப்படும். இன்னொன்று, வியாபாரத்துக்காகச் சோலார் முதலியன பொருத்தும் நிறுவனங்களுக்கும் வீடுகளை வாடகைக்கு விடும் தொழிலுக்கும் உரிய வேறொரு கழிவு. அங்கேதான் ஐந்து ஆண்டுக்குள் சொத்தை விற்றால் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்தும் விதி இருக்கிறது. குடியிருக்கும் வீட்டுக்கு வழங்கப்படும் கழிவில் அத்தகைய விதி இல்லை. மூன்றாவது, வீடு விற்ற இலாபத்துக்கு விலக்குப் பெற, விற்பதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது அதை உடைமையாக வைத்து அதில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது. யாரோ ஒருவர் இம்மூன்றையும் ஒரு சட்டியில் போட்டுக் கிண்டிவிட்டார். அதுவே வாய்வழியாக உங்கள் மச்சான்வரை வந்திருக்கிறது.

2023 ஆம் ஆண்டு விடயத்தை முதலில் பார்ப்போம். 2022 ஓகஸ்ட்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின்படி, 2023 முதல் 2025 இறுதிவரை பொருத்தப்பட்ட தகுதியான மேம்பாடுகளுக்குச் செலவில் 30 வீதம் கழிவாகக் கிடைக்கும். ஆனால் பொருளுக்குப் பொருள் உச்ச வரம்பு உண்டு. ஜன்னல்களுக்கு ஓராண்டில் 600 டொலர் வரை, வெளிக்கதவுகளுக்கு மொத்தம் 500 டொலர் வரை, இவை போன்றவை யாவும் சேர்ந்து 1,200 டொலர் வரை. ஹீட் பம்புக்கு மட்டும் தனியே 2,000 டொலர் வரை. நீங்கள் அனுப்பிய ஜன்னல் பற்றுச்சீட்டில் பொருளின் விலை 5,000 என்றும் பொருத்துகூலி 2,000 என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரிப்புக்கு அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லுங்கள், ஏனெனில் ஜன்னலைப் பொறுத்தவரை கூலி கணக்கில் சேராது. 5,000 இல் 30 வீதம் 1,500 ஆனாலும் வரம்பு 600 தான். ஹீட் பம்புக்குக் கூலியும் சேரும். 9,000 டொலரில் 30 வீதம் 2,700, வரம்பு 2,000. ஆக 2,600 டொலர். இந்தக் கழிவு கட்ட வேண்டிய வரியிலிருந்து மட்டுமே கழியும். வரி போதாவிட்டால் மிகுதி அடுத்த ஆண்டுக்குப் போகாது, கையிலும் கிடைக்காது. உங்கள் 2023 வரி 6,100 ஆக இருந்ததால் 2,600 உம் முழுமையாகக் கழியும்.

இதைக் கேட்கும் வழி, 2023 க்கான வரிப் படிவத்தைத் திருத்தி 1040-எக்ஸ் என்ற படிவத்தில் சமர்ப்பிப்பது. அதோடு இந்தக் கழிவுகளைக் கணக்கிடும் 5695 ஆம் இலக்கப் படிவத்தின் 2023 க்குரிய பதிப்பையும் இணைக்க வேண்டும். அந்தந்த ஆண்டின் படிவத்தையே பயன்படுத்த வேண்டும், இவ்வாண்டுப் படிவத்தில் பழைய செலவை எழுதினால் அது ஏற்கப்படாது. திருத்தத்துக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. 2023 க்கான வரிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தாலும் அது 2024 ஏப்ரல் 15 இல் கொடுத்ததாகவே கருதப்படும் என்பதால், உங்கள் கடைசி நாள் 2027 ஏப்ரல் 15. ஜன்னல்கள் எனர்ஜி ஸ்டார் மோஸ்ட் எஃபிஷியன்ட் என்ற ஆற்றல்சிக்கனத் தரத்தைப் பெற்றவை என்பதற்கான உற்பத்தியாளரின் சான்று வேண்டும். ஹீட் பம்புக்கும் அதுபோல ஒரு தகுதிச் சான்று உண்டு. கையில் இல்லாவிட்டால் உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் மாதிரி இலக்கத்தைக் கொடுத்து எடுக்கலாம். ஜன்னலில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்க்க இனி அந்த வீட்டுக்குள் போக முடியாது அல்லவா. பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம் அச்சாகியிருப்பது உங்கள் நற்காலம்.

சோலார் வேறொரு கழிவின் கீழ் வருகிறது. அதற்கு உச்ச வரம்பு இல்லை. 28,000 இல் 30 வீதம் 8,400 டொலர். பணம் 2023 டிசம்பரில் கட்டப்பட்டாலும் பொருத்தி முடிந்தது 2024 மார்ச்சில் என்பதால் 2024 இல் கேட்டது சரியே. அவ்வாண்டு வரி 5,900 முழுவதும் கழிந்து, 2,500 மிஞ்சுகிறது. ஜன்னலுக்குரிய கழிவுபோல் அல்லாது, சோலார் கழிவின் மிகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். வீட்டை விற்றதும் இந்த உரிமை விட்டுப்போகாது. வாங்கியவருக்கும் அது மாறாது. உங்கள் 2024 இன் 5695 படிவத்தில் 16 ஆவது வரியில் இருக்கும் தொகையை 2025 இன் அதே படிவத்தில் 12 ஆவது வரிக்கு எடுத்துச் செல்லுங்கள். 2025 இல் ஏப்ரல் வரை வேலை செய்திருக்கிறீர்கள். அவ்வாண்டு வரி 2,500 க்குக் குறையாவிட்டால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் என்பதால் 2025 க்கான படிவத்தைச் சமர்ப்பிக்க உங்களுக்கு 2026 ஜூன் 15 வரை தானாகவே அவகாசம் கிடைக்கும். வரி பாக்கி இருந்தால் மட்டும் அதற்கு ஏப்ரல் 15 இலிருந்து வட்டி ஏறும்.

பெரும்பாலானோர் கவனியாமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. வீட்டை விற்றதால் கழிவுக்கு வரும் ஒரே விளைவு இதுதான். வீடு விற்ற இலாபத்தைக் கணக்கிடும்போது, வாங்கிய விலையோடு மேம்பாட்டுச் செலவுகளையும் சேர்க்கலாம்; ஆனால் அச்செலவில் கழிவாகப் பெற்ற பகுதியைச் சேர்க்கக் கூடாது. ஒரே பணத்துக்கு இரண்டு முறை சலுகை இல்லை என்பதே இதன் நியாயம், அது சரியான நியாயமும்கூட. சோலாருக்கு 28,000 இல் 8,400 போக 19,600. ஜன்னலும் ஹீட் பம்பும் கூலியுடன் 16,000. அதில் 2,600 போக 13,400. இவற்றை 310,000 உடன் கூட்டினால் 343,000. விற்ற விலை 520,000 என்றால் இலாபம் 177,000 டொலர்; தரகுக்கூலி முதலிய விற்பனைச் செலவுகள் அதை இன்னும் குறைக்கும். தம்பதியராகச் சேர்ந்து வரிப் படிவம் கொடுப்போருக்கு 500,000 டொலர் வரையான இலாபத்துக்கும், தனியாளுக்கு 250,000 வரைக்கும் வரி விலக்கு உண்டு. நீங்கள் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பதால் இரண்டு ஆண்டு நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. ஆகவே வீடு விற்றதற்கு மத்திய அரசின் வருமான வரி எதுவும் இல்லை. இலாபம் விலக்கின் எல்லைக்கு அருகில் நிற்பவர்களுக்கு மட்டும் இந்தக் கழித்துக் கூட்டல் உண்மையான பணமாக மாறும்.

பற்றுச்சீட்டுகளைப் பற்றி ஒரு சொல். நீங்கள் அனுப்பிய பிரதிகளில் ஹீட் பம்பினது வெப்பத்தாளில் அச்சிட்டது. மூலத்தில் எழுத்து மங்கத் தொடங்கியிருப்பது பிரதியிலேயே தெரிகிறது, திகதியின் கடைசி இலக்கத்தை நான் வெயிலில் பிடித்துத்தான் வாசித்தேன். நம் கடற்கரைக் காற்றிலும் ஈரத்திலும் அது இன்னும் ஒரு மாரியைத் தாங்காது. இன்றே படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். விற்பனை முடிந்த நாளன்று கிடைத்த கணக்குத்தாளையும் அதோடு சேருங்கள்.

கேள்வி: என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். புதிய வேலைக்காக 2025 ஓகஸ்ட்டில் வேறு ஊரில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். பழைய வீட்டை நல்ல விலைக்கு விற்பதற்காக ஒக்ரோபரில் ஜன்னல்களை மாற்றி, கூரைக்கடியில் வெப்பக்காப்பும் போட்டு, டிசம்பரில் விற்றாள். அவளுக்குக் கழிவு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் வாங்கியவர் கேட்கலாமா? – வாசகி, பாண்டிருப்பு.

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன அதே விதி இங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. ஜன்னலுக்கும் வெப்பக்காப்புக்கும் கழிவு பெற, அந்த வீடு செலவு செய்தவரின் முதன்மை வதிவிடமாக இருக்க வேண்டும். உங்கள் தங்கை ஓகஸ்ட்டிலேயே அங்கிருந்து குடிபெயர்ந்துவிட்டார். ஒக்ரோபரில் அது விற்பனைக்காக வெறுமையாக நின்ற வீடு. எனவே கழிவு இல்லை. அதே வேலையை ஜூலையில், அங்கே வாழ்ந்துகொண்டிருந்தபோதே செய்து முடித்திருந்தால், டிசம்பரில் விற்றிருந்தாலும் கழிவு அவருடையதாகவே இருந்திருக்கும் என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கழிவு பெறாததால், அந்த முழுச் செலவையும் வீட்டின் விலையோடு சேர்த்து இலாபத்தைக் குறைத்துக் காட்டலாம். கணக்காளரிடம் இதைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள்.

வாங்கியவருக்கும் கிடையாது. அவர் அந்த ஜன்னல்களுக்குச் செலவு செய்யவில்லை. அவற்றை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவரும் அவரல்லர். சோலாரைப் பொறுத்தவரை, 2025 முடிவதற்குள் கட்டுநரிடமிருந்து புத்தம் புதிதாகக் கட்டிய வீட்டைப் பனலோடு வாங்கிக் குடிபுகுந்தவர் கழிவு கேட்கலாம். முன்பு ஒருவர் வாழ்ந்த வீட்டில் ஏற்கனவே இருந்த பனலுக்குக் கேட்க முடியாது. இனிப் புதிதாகப் பொருத்தலாம் என்று அவர் எண்ணினால், அந்தக் கதவும் மூடிவிட்டது: முதலில் 2032 வரை நீடிக்கும் என்றிருந்த ஜன்னல், ஹீட் பம்ப் கழிவும், 2034 வரை என்றிருந்த சோலார் கழிவும் 2025 ஜூலை 4 இல் கையொப்பமான சட்டத்தால் 2025 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டன.

கேள்வி: நான் திருக்கோவிலில் இருக்கும் அரச உத்தியோகத்தர். ஆண்டு வருமானம் 26 இலட்சம் ரூபா. 2025 ஜூலையில் 6 இலட்சம் செலவில் கூரையில் சோலார் பொருத்தி மின்சார வலையமைப்போடு இணைத்தேன். மகளின் கலியாணத்துக்கு இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதப் போகிறேன். அமெரிக்காவில் உள்ளதுபோல் இங்கும் சலுகை உண்டா? வீட்டை எழுதிக் கொடுத்தால் அது மகளுக்குப் போகுமா?

பதில்: இங்கும் சலுகை உண்டு, ஆனால் அது வேறு வகை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ், தன் வளாகத்தில் பொருத்தி தேசிய மின்வலையமைப்போடு இணைத்த சோலார் பனலுக்குச் செலவழித்த தொகையில், ஓராண்டுக்கு 6 இலட்சம் ரூபா வரை ஒருவர் தம் வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதற்காக வங்கியில் எடுத்த கடனுக்குச் செலுத்திய தொகைக்கும் இது பொருந்தும். அமெரிக்கக் கழிவு கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிகிறது. இங்கே கழிவது வரிக்குரிய வருமானத்திலிருந்து. இந்த வித்தியாசத்தை ரூபாவில் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனியாளின் வரிவிலக்கு எல்லை 18 இலட்சம். உங்கள் 26 இலட்சத்தில் வரிக்குரியது 8 இலட்சம். 6 வீதப்படி வரி 48,000 ரூபா. சோலார் கழிவுக்குப் பிறகு 2 இலட்சமே மிஞ்சும், வரி 12,000. மிச்சம் 36,000 ரூபா. பொருத்தியவர் உங்களிடம் "6 இலட்சம் திரும்ப வரும்" என்ற தோரணையில் பேசியிருந்தால் அதை நம்பியிருக்க வேண்டாம். வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவருக்கு இந்தச் சலுகையால் ஒன்றும் கிடைக்காது.

செலவு செய்தவர் நீங்கள், செய்தபோது வீடும் உங்களுடையது. ஆகவே 2025/2026 மதிப்பாண்டுக்கு நீங்களே 2026 நவம்பர் 30 க்குள் வரி விவரத்திரட்டில் கேட்க வேண்டும். மகள் செலவழிக்காததால், உறுதி அவர் பெயருக்கு மாறினாலும் இந்தக் கழிவு அவருக்கு வராது. அதைவிட மகளுக்கு முக்கியமான ஒன்றை இந்த நேரத்தில் சொல்லிவிடுகிறேன். நொத்தாரிசு எழுதும் உறுதியால் வீடு மாறும். மின்சாரக் கணக்கு மாறாது. நீங்கள் வலையமைப்புக்குக் கொடுக்கும் மின்சாரத்துக்குப் பணம் பெறும் முறையில் இணைந்திருந்தால், கணக்கும் ஒப்பந்தமும் மகளின் பெயருக்கு மாற்றப்படும்வரை அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்துகொண்டிருக்கும். உறுதியின் பிரதி கையில் கிடைத்த வாரத்திலேயே மருமகனையும் கூட்டிக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள்.